பூப் போட்ட தண்ணீர்

அந்தப் படம் இன்னும் எங்கள் ஊர் வலைத்தளத்தில் இருக்கிறது. நீக்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் நீக்கவில்லை. வாய்க்கால் தரையில் ஒரு விரற்கடைத் தண்ணீர், அதன்மேல் சாமந்தியும் அரளியும், ஒரு கைப்பிடி நெல், ஓரத்தில் வெற்றிலைமேல் எரிகிற சூடம். காலை வெயில் பட்டுத் தண்ணீர் பளபளக்கிறது. பார்க்கிறவர்கள் வாய்க்கால் நிரம்பிப் போகிறது என்றுதான் நினைப்பார்கள். படம் எடுத்தவர் காலடிக்குப் பின்னால் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. அது படத்தில் விழவில்லை.

நான் பிறந்தது திருவையாற்றுப் பக்கம். அங்கே தண்ணீர் வந்ததா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. வந்தால் தெரியும். கட்டிக்கொடுத்த ஊர் முத்துப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால். கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு. எங்களுக்குப் பிறகு அலையாத்திக் காடும் கடலும்தான். போர் போட்டுப் பிழைக்கலாம் என்றால் நிலத்தடியில் உப்பு. அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் துப்பத் தோன்றும், பயிருக்கு எப்படி விடுவது? ஆற்றுத் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் புல். நான் புதுப்பெண்ணாக வந்தபோது தெருவில் யாரும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்கவில்லை. ‘தண்ணி எங்க வருதாம்?’ என்றுதான் கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும், நான் நேற்றுத்தான் பஸ்ஸில் வந்தேன்.

படிப்பு பிளஸ் டூ. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. மளிகைக் கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிப் போன பிறகு, கடைக்காரராகப் பார்த்துக் கேட்டால்தான் வாயைத் திறப்பேன். ஆனால் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் கை நிற்காது. அதனால் முத்துப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் டைப் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஒட்டுப்பலகைத் தடுப்புகளுக்குள் ஆறேழு கம்ப்யூட்டர். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு மெயில் அனுப்ப அம்மாக்கள் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அப்போதெல்லாம் தமிழில் அடித்தால் அந்தப் பக்கம் கட்டம் கட்டமாகத்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அது நம் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் கொக்கியும் கட்டமும்தான். பிறகு ஒருநாள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தமிழ் தெரிய ஆரம்பித்தது. சுற்றி யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் திரையைத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் வலைப்பதிவுகள். புத்தகம் போடாதவர்கள், பத்திரிகையில் பெயர் வராதவர்கள் எல்லாம் எழுதினார்கள். ஒருவர் தன் மாட்டுக்கு வந்த காய்ச்சலைப் பற்றி எழுதியிருப்பார். கீழே யாரோ கனடாவிலிருந்து மருந்து சொல்லியிருப்பார். கூட்டம் இல்லாத நேரத்தில் நான் அவற்றை ஒன்று விடாமல் வாசிப்பேன். பேசாமலே பேச முடிகிற ஒரு தெரு மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் ஊருக்கு வலைத்தளம் ஆரம்பித்தது என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. லீவுக்கு வந்தபோது என்னை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார்.

“இதுக்குக் காசு கட்டணுமா, தம்பி?” என்று கேட்டேன்.

“சாஃப்ட்வேருக்கு ஒண்ணும் வேணாம், அண்ணி. உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதி சும்மா குடுத்திருக்காங்க. உள்ள திறந்து பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்கும் குடுக்கலாம். ஊர்ப் பொதுக்குளம் மாதிரின்னு வச்சிக்கங்க. யாரு வேணும்னாலும் இறங்கிக் குளிக்கலாம்.”

“அப்ப சரி.”

“இருங்க. தூர் வார்றதும் நாமதான். அதுக்கு ஆள் கூப்பிட முடியாது.”

அவர் சொன்னது போலத்தான் இருந்தது. இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூர் வாரினேன். அந்த மென்பொருளில் ஆங்கிலத்தில் இருந்த சொற்களை முகம் தெரியாத பலர் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கூடிப் பேசுகிற மன்றத்தில் நானும் ஒரு புனைபெயரில் சேர்ந்தேன். நான் சொன்ன நாலைந்து சொற்களை ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் எங்கோ ஒரு ஊரில் யாரோ அந்தப் பொத்தானை அழுத்துவார்கள், அதன்மேல் இருப்பது என் சொல் என்று தெரியாமல். அது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் தளத்தில் காதுகுத்து, திருவிழா, சாவு இவைதான். பிறகு ‘தண்ணீர்’ என்று ஒரு பக்கம் திறந்தோம். வாய்க்கால் நெடுக உள்ள ஊர்களிலிருந்து ஆட்கள் எழுதினார்கள். ‘பெரிய மதகில் முழங்கால் அளவு.’ ‘பாலத்தடியில் வந்துவிட்டது, ஆனால் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு நிற்கிறது.’ பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் தளத்தை அப்படியே நகல் எடுத்து, பெயரை மாற்றித் தங்களுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். அனுமதி கேட்க வேண்டிய சாமான் இல்லையே அது. பிறகு எல்லாத் தளங்களின் தண்ணீர்ச் செய்தியும் ஒரே பக்கத்தில் வந்து விழுகிற மாதிரி சிங்கப்பூர்த் தம்பி செய்துகொடுத்தார். கைப்பேசிக் குழுக்கள் வந்து மற்றதையெல்லாம் விழுங்கிய பிறகும் அந்தப் பக்கம் மட்டும் நிலைத்தது. குழுவில் போடுவது மதியத்துக்குள் சினிமா காமெடித் துணுக்குகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் போய்விடும். தளத்தில் போடுவது இருக்கும்.

பதிவுகளுக்குக் கீழே என் பெயர் போட மாட்டேன். ‘நிர்வாகி’ என்று மட்டும் இருக்கும். வெளியூர்க்காரர்கள் ‘நிர்வாகி ஐயா அவர்களுக்கு வணக்கம்’ என்று எழுதுவார்கள். உள்ளூரில் ரகசியம் தெரிந்தவர்களில் ஒருவர் எங்கள் வார்டு மெம்பர் அக்கா. வாசலில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரரிடம், “ஏம்ப்பா, நிர்வாகி சார் எழுந்துட்டாரா? டீத்தண்ணி வச்சுக் குடுத்தியா அவருக்கு?” என்று கேட்பார். அவர் சிரிக்காமல், “சார் பாத்திரம் வெளக்குறாரு, உக்காருங்க” என்பார். எங்கள் வீட்டில் சிரிப்பு என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

அந்த வருஷம் சிரிப்பு குறைந்திருந்தது. எங்களுடையது கோயில் நிலம், குத்தகை. முந்தைய இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் காய்ந்தது, ஒரு வருஷம் மூழ்கியது. ஆவணியில் வீட்டுக்காரர் புழுதியில் விதைத்தார். உழுது வைத்த காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருக்கிற விதைப்பு அது. ஒரு நல்ல மழை பெய்தது. முளைத்தது. நாலு இலை விட்ட பிறகு மழை நின்றுவிட்டது. இனி ஐப்பசி மழை வரைக்கும் பயிரை உயிரோடு வைத்திருக்க ஆற்றுத் தண்ணீர் ஒருமுறையாவது பாய வேண்டும்.

ஒரு மாலை வயலிலிருந்து வந்து கை கால் கழுவாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தார்.

“இந்தா, ஒண்ணு சொல்லிடுறேன். இதுவும் போச்சுன்னா நான் திருப்பூர் போயிடுவேன். மில்லுல வாச்மேன் வேலைக்கு ஆள் கேட்டிருக்காங்க.”

“இந்த வயசுலயா?”

“வாச்மேனுக்கு வயசு ஆனவன்தான் வேணுமாம். ஓடிப் போக மாட்டான்ல.”

சிரிப்பு மூட்டத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். ஊரை விட்டு ஒரு வாரம் தங்கினால் தூக்கம் வராத மனிதர். அவர் வார்த்தை மாற மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து தண்ணீர்ப் பக்கத்தை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று கணக்கு இல்லை.

தண்ணீர் குறைவான காலத்தில் எல்லா ஆற்றிலும் ஒரே சமயம் விட மாட்டார்கள். இந்த வாரம் இந்த ஆறு, அடுத்த வாரம் அந்த ஆறு என்று மாற்றி மாற்றி விடுவார்கள். முறை என்பார்கள் அதை. எங்கள் முறை வந்தது. மேலே உள்ள ஊர்களிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. பாலத்தடி வந்துவிட்டது. பெரிய மதகு வந்துவிட்டது. பிறகு ஒருநாள் காலை எங்கள் ஊர் மதகுக்கு வந்தது.

வந்தது என்றால் நுனி வந்தது. பாம்பு மாதிரி ஒரு ஈரம் புழுதியை நனைத்துக்கொண்டு நகர்ந்தது. தண்ணீரின் நுனி வந்தால் எங்கள் பக்கம் அதற்குப் பூப் போட்டு, நெல் தூவி, சூடம் காட்டிக் கும்பிடுவோம். மெம்பர் அக்கா தாம்பாளத்தோடு ஓடினார். தெருப் பெண்கள் எல்லோரும் போனோம். அக்கா கும்பிட்டுவிட்டு, குனிந்து கைப்பேசியில் படம் எடுத்து, அங்கேயே நின்று தளத்தில் போட்டார். எழுதத் தெரிந்த எல்லோருக்கும் நாங்கள் அனுமதி கொடுத்திருந்தோம். ‘கடைமடை வந்து சேர்ந்தாள் தாய்’ என்று தலைப்பு. மதியத்துக்குள் கீழே கைகூப்பிய பொம்மைகளாகக் குவிந்தன.

சாயங்காலம் நுனி நின்றுவிட்டது. மறுநாள் காலை பார்த்தால் பூ மட்டும் சேற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே யாரோ தேக்கியிருக்க வேண்டும், அல்லது விட்டதே அவ்வளவுதானோ என்னவோ. எங்கள் வயல் மடைக்கு ஒரு சொட்டு ஏறவில்லை.

நான் தளத்தில் ஒரு வரி போட்டேன். ‘நேற்று வந்த தண்ணீர் நின்றுவிட்டது. வயல்களுக்குப் பாயவில்லை.’

அரை மணி நேரத்தில் மெம்பர் அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை நிர்வாகி சாரை விசாரிக்கவில்லை.

“ஏ பொண்ணே, பூப் போட்டுக் கும்பிட்டு மறுநாளே இல்லைன்னு எழுதுவியா? அரிசிப் பானை காலின்னாகூட அரிசி நெறஞ்சிருக்குன்னு சொல்ற வீட்டுப் பொம்பளதானே நீ?”

“இல்லக்கா, உள்ளதைத்தான்…”

“உள்ளது எல்லாருக்கும் தெரியும். இந்த வாய்க்கால்ல உள்ளவன் எவன் பூவப் பார்த்துட்டுத் தண்ணி பாய்ஞ்சிட்டுன்னு நெனைக்கப் போறான்? நுனி வந்துருக்குன்னு அவனவனுக்குப் புரியும். நீ வேற வாய் வைக்காத.”

அது உண்மைதான். எங்கள் ஆட்கள் பூப்படத்தைப் படித்தால் சரியாகப் படிப்பார்கள். பூ என்றால் நுனி. அதற்குப் பிறகு யாரும் எழுதாமல் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் அப்படித்தான் ஓடியது.

வீட்டுக்காரர் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனதும், “எடுத்துடு” என்றார்.

“ஏங்க, நம்ம பயிருதாங்க காயுது.”

“அதனாலதான் சொல்றேன். வெதைச்ச வீட்டுலேருந்து அந்த வார்த்தை வர வேணாம். இன்னும் முறை முடியல. வரும்.”

எடுத்தேன். படம் மட்டும் நின்றது.

முறை முடிகிற நாள் நெருங்கியும் வரவில்லை. ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் பாசன அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். மெம்பர் அக்கா என்னையும் வேனில் ஏற்றினார். போகிற வழியெல்லாம் இரு பக்கமும் வயல். மேலே போகப் போகப் பச்சை அடர்ந்துகொண்டே வந்தது.

அங்கே பொறியாளர் எங்களை உட்காரச் சொன்னார். சின்ன வயசு. முகம் தூங்காத முகம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் கேட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பூ, நெல், சூடம், பளபளக்கிற தண்ணீர்.

“இது உங்க ஊரு சைட்டுதானே? கடைமடை வந்து சேர்ந்தாச்சுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. எங்க லஸ்கரும் மதகுல தண்ணி வந்துச்சுன்னு சொன்னாரு. ரெண்டையும் வச்சுத்தான் மேல ரிப்போர்ட் அனுப்பினேன். முறைய மாத்தியாச்சுங்க.”

மதகைத் திறந்து மூடுகிற ஊழியரைத்தான் எங்கள் பக்கம் லஸ்கர் என்போம். அவர் கதவோரம் நின்றிருந்தார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

“வந்துச்சு சார், ஒரு பொழுது வந்துச்சு. பாயலையே!” என்றார் ஒருவர்.

“பாயலைன்னு எங்கயாவது போட்டிருக்கீங்களா? நான் தெனமும் பார்க்குறேனே. உங்க பக்கத்தைப் பார்த்துத்தாங்க நானே பாதி விஷயம் தெரிஞ்சுக்குறேன். யாரு அந்த நிர்வாகி? அவரை வரச் சொல்லுங்க, கேட்போம்.”

மெம்பர் அக்கா தரையைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ‘நீதான்’ என்கிற மாதிரி மட்டும் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நான்தாங்க.”

“நீங்களாம்மா?” பொறியாளர் எழுந்தே விட்டார். “சரி, நீங்களே சொல்லுங்க. தண்ணி பாயாமயா பூப் போட்டுக் கும்பிட்டீங்க?”

“பூப் போடுறது…” குரல் நின்றது. மறுபடி ஆரம்பித்தேன். “பூப் போடுறது வந்ததுக்கு இல்லைங்க சார். வரணும்னு போடுறது.”

அவர் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். பிறகு மெதுவாக, “இதை நான் எப்படிம்மா ரிப்போர்ட்ல எழுதுவேன்?” என்றார்.

ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த ஆற்றுக்காரர்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்து அன்றைக்குத்தான் எழுந்து போனார்களாம். அவர்கள் பயிரும் காய்கிறது. அங்கே திறந்த தண்ணீரை இங்கே திருப்ப முடியாது, அடுத்த முறை வரைக்கும் பொறுங்கள், முடிந்தால் முன்கூட்டியே விடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அடுத்த முறைக்குள் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது மெம்பர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் விடவில்லை. அக்கா பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை நான் மதகுக்குப் போய்ப் படம் எடுத்தேன். வெடித்த தரை, காய்ந்த பூ. ‘இன்று தண்ணீர் இல்லை’ என்று எழுதினேன். அதற்கு மறுநாளும். அதற்கு மறுநாளும். வயலுக்குள் இறங்கிப் பயிரையும் எடுத்தேன். காலையில் கொஞ்சம் பச்சையாகத் தெரியும், மதியம் இலை சுருண்டு ஊசி மாதிரி நிற்கும். இல்லை என்று எழுதும்போதெல்லாம் விரல் கூசியது. வீட்டில் இதுவரை நான் சொல்லாத வார்த்தையை உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் இப்போது எடுத்துவிடு என்று சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நான் சோற்றில் குழம்பு ஊற்றினால்தான் கை வைப்பார்.

எங்கள் வாய்க்கால் ஊர்கள் எல்லாவற்றிலும் அதே மாதிரி எழுத ஆரம்பித்தார்கள். நாலு ஊர், பிறகு ஏழு ஊர். ‘இல்லை.’ ‘இல்லை.’ ‘இங்கேயும் இல்லை.’ துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை எடுத்து எடுத்து அனுப்ப, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒருநாள் தளமே திறக்கவில்லை. வெள்ளைத் திரை. கூட்டத்தைத் தாங்காமல் விழுந்துவிட்டது என்றார் சிங்கப்பூர்த் தம்பி. அவர் வேலை நேரத்தில் எதையும் செய்ய முடியாது. நான் பைத்தியம் மாதிரி அந்த மொழிபெயர்ப்பு மன்றத்துக்குப் போய், ‘எங்கள் தளம் படுத்துவிட்டது, பயிர் காய்கிறது, யாராவது உதவுங்கள்’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன்.

யாரோ ஒருவர் பதில் போட்டார். எந்த ஊர், ஆணா பெண்ணா, இன்றுவரை தெரியாது. சிங்கப்பூர்த் தம்பியிடம் அனுமதி வாங்கி உள்ளே போய், விளக்கேற்றுகிற நேரத்துக்குள் தளத்தை எழுப்பிவிட்டார். ‘சரியாகிவிட்டது. பயிர் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருந்தார். நன்றி என்று எழுதினேன். மற்ற கேள்விக்கு எதையோ அடித்து, அழித்து, அடித்து, கடைசியில் பதில் சொல்லாமல் விட்டேன்.

அந்தச் சத்தத்தாலோ, பொறியாளர் சொன்னபடி கேட்டுப் பார்த்ததாலோ, முறை நாளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தண்ணீர் விட்டார்கள். இந்தத் தடவை நுனி மட்டும் இல்லை. முழங்கால் அளவு வந்தது. லஸ்கர் தானே எங்கள் மதகு வரைக்கும் மொபெட்டில் கூடவே வந்தார், வழியில் யாரும் தேக்காமல் பார்த்துக்கொண்டு.

யாரும் பூ எடுத்துப் போகவில்லை. மெம்பர் அக்கா கரையில் வெறுங்கையோடு நின்றார்.

என் வீட்டுக்காரர் வயலில் இறங்கி ஒரு பயிரைப் பிடுங்கினார். வேர் பிடிக்கவே இல்லை, நூல் மாதிரி வந்தது. நாலு இடத்தில் பிடுங்கிப் பார்த்தார். கடைசியாகப் பிடுங்கியதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். மண்வெட்டியை எடுத்து மடையைத் திறந்தார். தண்ணீர் உள்ளே போயிற்று. மஞ்சளாகச் சாய்ந்து கிடந்த பயிரின் மேல் ஏறி, ஒவ்வொரு வெடிப்பாக நுரை தள்ளிக்கொண்டு நிரம்பியது.

“எதுக்குங்க?” என்றேன்.

“வந்ததை வேணாம்னா சொல்ல முடியும்?” என்றார்.

லஸ்கர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “அண்ணே, நான் நுனி வந்துச்சுன்னுதான் சொன்னேன்” என்றார். “தெரியும்ப்பா, நீ போ, பக்கத்து வாய்க்காலுக்குத் திறக்கணும்ல” என்று அனுப்பிவிட்டார் இவர்.

அடுத்த வாரம் ஒரு பையில் இரண்டு கைலியும் சட்டைகளும் வைத்துக் கட்டினார். என்ன சொல்லித் தடுப்பது? முத்துப்பேட்டையில் பஸ் ஏறும்போது, “போயிட்டு வர்றேன்” என்றார். அந்தப் பஸ் புறப்படாமல் அங்கேயே ரொம்ப நேரம் உறுமிக்கொண்டு நின்றது. நாங்கள் இரண்டு பேரும் பார்க்கிறதற்கு வேறு எதுவும் இல்லாமல் கண்டக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. காப்பாற்ற ஒன்றும் இல்லாத வயலில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றது. அதையும் படம் எடுத்துப் போட்டேன்.

மழை வடிந்த பிறகு மெம்பர் அக்கா பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக மதகுக்கு வந்தார். மதகுச் சுவரில் அடியிலிருந்து மேலே அரையடிக்கு ஒரு கோடாகச் சிவப்பில் போட்டார். “இனிமே பூப் போட்டாலும் இந்தக் கோடு தெரியுற மாதிரிதான் படம். இல்லாட்டி ஏத்தாத. நான் போட்டாலும் ஏத்தாத” என்றார். கோடு கோணலாக இருந்தது. மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் மதகுகளில் கோடு போட்டார்கள். பொறியாளர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, கோட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இந்த வருஷமும் தினமும் போகிறேன். நிலத்தை வேறொருவர் பார்க்கிறார். இருந்தாலும் போகிறேன். மதகுக் கோட்டைப் படம் எடுத்து, ‘இல்லை’ என்றோ ‘ஒரு கோடு’ என்றோ எழுதுகிறேன். திருப்பூரில் காலை ஷிப்ட் முடிந்ததும் அவர் அதைத்தான் முதலில் திறக்கிறாராம். பேசுவதற்கு எங்களுக்கு அதிகம் இருப்பதில்லை. சாப்பாடு, முட்டி வலி, வெயில். நேற்றுக் கூப்பிட்டார்.

“இன்னைக்குப் போட்ட படம் சரியில்ல.”

“என்னாச்சு?”

“கோடு தெரியல. வெயில் எதிர்க்க அடிச்சு இருட்டா விழுது. காலையில அந்தக் கரையில நின்னு எடுக்கக் கூடாது. கிழக்கால போய் நின்னு எடு.”

“கிழக்கால முள்ளுங்க.”

“மண்வெட்டி கொட்டாயில கிடக்கும். வெட்டிவிட்டுட்டுப் போ.”

இன்று காலை போய் வெட்டினேன். கருவேல முள் குத்தி விரலில் ரத்தம் வந்தது. கிழக்குக் கரையில் நின்று எடுத்தேன். சிவப்புக் கோடுகள் அடி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தன. தண்ணீர் இல்லை.